வியாழக்கிழமையே அடுப்பில் ஏறிவிடும் சூப்

"எல்லோரும் எல்லாமும் சாப்பிடுவார்கள் சார், உங்கள் கைவரிசையைக் காட்டுங்கள்." குழு விருந்துக்கு இடம் பிடிக்கப் போன் செய்கிறவர்கள் இப்படிச் சொன்னால், இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கொழிஞ்சாம்பாறைக்கும் சித்தூருக்கும் (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) நடுவே ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது எங்கள் சின்ன பிரெஞ்சு உணவகம். 22 நாற்காலிகள், ஒரே ஓவன். சனிக்கிழமை இரவுக்கு மூன்று வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகளாக இடப்பதிவும் சமையலறை மேற்பார்வையும் என் பொறுப்பு. அறுபதாம் கல்யாணம், பணி ஓய்வு, பிறந்தநாள் என்று கோவை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒருவர் விருந்து கொடுக்க, பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். என்னிடம் பேசுவது பணம் கொடுப்பவர். சாப்பிடப் போகிறவர்களின் குரலை அன்றைய இரவுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். சிக்கல் முளைப்பது அங்கேதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை. 14 பேர். அத்தையின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மருமான் ஏற்பாடு செய்த விருந்து. மேலே நான் எழுதிய வாக்கியத்தைச் சொன்னவர் அவர்தான். முதலில் வெங்காய சூப். ஆழமான கிண்ணம், மேலே ரொட்டித் துண்டு, அதன்மேல் உருகிக் கொப்புளித்த சீஸ். பிறந்தநாள் மாமி கரண்டியால் சீஸ் ஆடையை உடைத்தார். எழுந்த ஆவியை முகர்ந்ததும் கை நின்றுவிட்டது.

"தம்பி, இது வெறும் வெங்காயம்தானா?"

பொய் சொல்ல நா எழவில்லை. "கோழி எலும்பு வேகவைத்த சாறு சேர்ந்திருக்கிறது, மாமி."

கரண்டியைத் துணியில் துடைத்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கு ரொட்டியும் வெண்ணெயும் போதும்" என்றார். தம் பிறந்தநாள் விருந்தில் அவர் சாப்பிட்டது அவ்வளவுதான். மருமான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் சொல்லவில்லை, சரி. நான் கேட்டேனா?

நம் வீட்டுச் சாம்பாரில் முருங்கைக்காய் பிடிக்காதென்றால் ஒதுக்கிவிட்டு ஊற்றலாம். பிரெஞ்சுச் சமையலில் அந்த வசதி கிடையாது. அதன் அடித்தளம் ஸ்டாக் என்னும் எலும்புச் சாறு. பிரான்சில் வெங்காய சூப்புக்கு வழக்கமாக மாட்டெலும்புச் சாறுதான். அது எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் சிறுதீயில் கிடக்கும். நாங்கள் கோழி எலும்பு போடுவதால் நான்கு மணி நேரம். அந்தச் சாறு சூப்பில் மட்டும் நிற்பதில்லை. சாஸில் போகும், காய்கறி வேகும்போதுகூட ஓர் அகப்பை விழும். மேசைக்கு வந்தபின் "கோழியை எடுத்துவிட்டுக் கொடுங்கள்" என்றால், எடுப்பதற்கு அங்கே கண்ணுக்குத் தெரிகிற கோழியே இருக்காது.

சீஸ் அடுத்த கண்ணி. அந்த சூப்புக்கு முறைப்படி போடும் க்ரூயேர் சீஸில் பால் திரிவதற்குச் சேர்ப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட். பால்தானே என்று சைவர்கள் சாப்பிட்டுவிடுவார்கள். நாங்கள் நுண்ணுயிர் ரெனட் சேர்த்த உள்நாட்டுச் சீஸ் வாங்குகிறோம். கேட்டால் உறையையே கொண்டுவந்து காட்டுவேன். பால் இனிப்பு என்று பலரும் நம்பும் க்ரெம் ப்ரூலேயில் பாலாடைக்குச் சமமாக முட்டை மஞ்சள் கருவுக்கும் வேலை இருக்கிறது.

பச்சை முட்டை இன்னும் கவனிக்க வேண்டியது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியில் தடை செய்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. மாநில எல்லையான வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பயம், சால்மொனெல்லா என்னும் கிருமி. ஆனால் பழைய முறை சாக்லேட் மூஸ் என்னும் இனிப்பிலும் பச்சை முட்டைதான் அடித்துச் சேர்ப்பார்கள். அதை யாரும் கேட்பதில்லை. குழுவில் கர்ப்பிணியோ, முதியவரோ, சிறு குழந்தையோ இருந்தால், எந்த உணவகமானாலும் இதைக் கேளுங்கள். நாங்கள் வெறும் க்ரீமில் செய்கிறோம். செஃபுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

ஒவ்வாமை விஷயத்தில் மெனு அட்டையை நம்பாதீர்கள். எந்த உணவில் ஒவ்வாமைப் பொருள் உண்டு என்று அறிவிக்கும் கட்டாயம், மத்திய உணவுப் பாதுகாப்பு உரிமம் பெற்றவர்களுக்கும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவர்களுக்கும்தான். எங்களைப் போன்ற ஒற்றைக் கடைக்கு இல்லை. இறால் ஆகாதவர், "நான் இறால் கேட்கவில்லையே" என்று பிஸ்க் சூப்பைக் குடித்துவிடலாம். அந்தச் சுவையே இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது.

நேரம் பற்றியும் ஒரு சொல். பிரெஞ்சுக்காரர்களும் ஒருகாலத்தில் நம் இலைச் சாப்பாடு போல எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பியவர்கள்தான். 19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய முறைக்கு மாறி, ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவரத் தொடங்கினார்கள். அதனால் பதினான்கில் மூன்று பேர் வாளையாறு நெரிசலில் நின்றால் மற்ற பதினொரு பேரும் காத்திருக்க வேண்டும், அல்லது அந்த மூவர் சூப்பைத் தவறவிட வேண்டும். கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தி உண்டு. முட்டை வெள்ளைக்கருவை அடித்துப் பொங்கவைக்கும் சூஃப்ளேவுக்கு இல்லை, ஓவனை விட்டு வந்த சில நிமிடங்களில் அமுங்கிவிடும்.

பில்லில், கூட்டமாக வந்ததற்காகச் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அதைக் கூடாதென்று சொல்லிவிட்டது.

அந்த இரவுக்குப் பிறகு பதிவு நோட்டில் தலை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டேன். ஒவ்வொரு விருந்தினரும் எதைத் தொடமாட்டார், எது உடம்புக்கு ஆகாது என்று அதில் எழுத வேண்டும். "அவ்வளவு பேரிடமும் எப்படிக் கேட்பது?" என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. நேரம் சொல்ல எப்படியும் எல்லோருக்கும் போன் செய்யத்தானே போகிறீர்கள், அதோடு கேளுங்கள் என்பேன். மாமி மறுவருடமும் வந்தார். இந்த முறை மருமானை நம்பாமல் தாமே போன் செய்தார். காய்கறிச் சாற்றில் தனிப் பாத்திரத்தில் செய்த சூப்பைக் குடித்துவிட்டு, "உப்புக் கொஞ்சம் தூக்கல்" என்றார்.

சனிக்கிழமை விருந்துக்கான ஸ்டாக் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அடுப்பில் ஏறுகிறது. புதன்கிழமை மாலைக்குள் சொல்லிவிடுங்கள்.