நீல ஊதாச் சுவரும் கடலோர ஓதமும்

தண்டையார்பேட்டையில் ஒரு தரைத்தள வீட்டின் கூடத்துக்கு நீல ஊதா நிறம்தான் வேண்டுமென்று வீட்டுக்கார அம்மாள் கடையிலேயே ஷேட் கார்டைப் பார்த்து முடிவு செய்துவிட்டார். நானும் மறுப்புச் சொல்லாமல் நான்கு சுவர்களுக்கும் பூச வைத்தேன். அன்று மாலை மஞ்சள் பல்பைப் போட்டதும் சுவர் சாம்பல் பூசியதுபோல் மங்கிவிட்டது. "எழவு வீடு மாதிரி இருக்குங்க" என்றார். உள்ளலங்காரத் தொழிலில் இருப்பவனாக அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

கடையில் எரிந்தது ஏறத்தாழ 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெள்ளை ஒளி. வீட்டில் எரிந்தது 2700 கெல்வின் மஞ்சள் ஒளி. மஞ்சள் ஒளியில் நீலத்தின் பங்கு மிகக் குறைவு என்பதால், சுவர் திருப்பி அனுப்புவதற்கு அங்கே நீலம் இருப்பதில்லை. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை போன்ற இடங்களில் பக்கச் சுவர் ஒட்டிக் கட்டிய, தெருப்பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள வீடுகளில் பகலிலும் விளக்கு எரிகிறது. ஆகவே நிறத்துக்கு முன் விளக்கை முடிவு செய்ய வேண்டும். இரண்டடி அட்டை ஒன்றில் இரண்டு கோட் பூசி, அதைக் கூடத்தில் இரண்டு நாள் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். காவித்தரை உள்ள வீடாக இருந்தால் தரையின் சிவப்பு சுவரின் அடிப்பகுதியில் படிந்து ஊதாவைத் தூக்கிக் காட்டும் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

அடுத்தது ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். இதுதான் வடசென்னையில் பெரிய சிக்கல். ஓதத் தடுப்பு இல்லாத பழைய சுவர்களில் நிலத்து ஈரம் உப்பையும் சேர்த்து மேலே இழுத்து வருகிறது. ஈரம் உலர்ந்தபின் உப்பு மட்டும் வெளியே பூக்கிறது. வெள்ளைச் சுவரில் கண்ணுக்குத் தப்பும் இந்தப் பூப்பு, நீல ஊதாவில் கோலமாவு சிந்தியதுபோல் பளிச்சென்று தெரியும். அதன்மேல் பட்டி (சுவரைச் சமன் செய்யும் மாவு) தேய்த்து மறைப்பது அடுத்த மழைவரைக்கும்தான். ஓரடிப் பாலித்தீன் தாளின் நான்கு விளிம்பையும் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள்; சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர் கோத்திருந்தால் முதலில் மேஸ்திரியைத்தான் கூப்பிட வேண்டும், பெயிண்டரை அல்ல. புதிய சிமெண்ட் பூச்சுக்கும் குறைந்தது 28 நாள் பொறுங்கள். அதன் காரத்தன்மை பிரஷ்யன் நீலம் போன்ற சில நிறமிகளை வெளுக்கச் செய்துவிடும். நம் பாட்டிமார் சுண்ணாம்பில் கலந்த நீலம், அதாவது அல்ட்ராமரின், காரத்தைத் தாங்கும். ஆசிட் பட்டால் அதுவும் நிறமிழக்கும்.

பழைய கதவு, ஜன்னல்களின் எனாமலை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்க விடாதீர்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் கூடுதலாக இருக்கக்கூடும். நனைத்துத் தேய்க்க வேண்டும். வேலை முடிந்து தூசியைத் துடைத்தெடுக்கும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்குள் வரக்கூடாது.

தண்டையார்பேட்டை வீட்டில் பிறகு மூன்று சுவர்களை வெளிர் தந்த நிறத்துக்கு மாற்றிவிட்டு, வாசலுக்கு நேரெதிரே உள்ள சுவரில் மட்டும் நீல ஊதாவை விட்டுவைத்து, விளக்கை 4000 கெல்வினுக்கு மாற்றினோம். இப்போது அந்தச் சுவரை ஒட்டி அம்மாளின் பித்தளைக் குத்துவிளக்கு நிற்கிறது.