கேஸ்கட் வாங்குவதற்கு முன்னால் ஹெட்டை அளந்து பாருங்கள்

பொள்ளாச்சியிலிருந்து ஒரு டீசல் கார் எங்கள் பட்டறைக்கு வந்தது. என்ஜினை முழுசாக இறக்கி வேலை பார்த்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாதாம். வால்பாறை மலை ஏறினால் பாதி வளைவு தாண்டும் முன்னே ஹீட் முள் மேலே போய்விடும். ஆற வைத்துத் திறந்தால் தண்ணீர் குறைந்திருக்கும். என்ஜின் நன்றாக ஆறியபிறகு தண்ணீர் டேங்க் மூடியைக் கழற்றி வைத்து ஸ்டார்ட் செய்தேன். குளிர்ந்த தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது. சிலிண்டருக்குள் எரிகிற காற்று தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்துகொண்டிருந்தது.

என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருப்பது கேஸ்கட். வண்டிக்காரர் பழைய கேஸ்கட் பெட்டியையும் கையோடு கொண்டு வந்திருந்தார். “ஒரிஜினல்தானுங்க, நானே டீலர்கிட்ட போய் வாங்கிக் கொடுத்தேனுங்க” என்றார். பார்த்தேன், சரக்கு ஒரிஜினல்தான்.

ஹெட்டைத் தூக்கியதும் காரணம் தெரிந்துவிட்டது. மூன்றாவது சிலிண்டருக்கும் பக்கத்துத் தண்ணீர்த் துளைக்கும் நடுவே, பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கரிக்கோடு. அந்த இடத்தில் கேஸ்கட்டின் கறுப்புப் பூச்சு தீய்ந்து உரிந்திருந்தது. ஹெட்டைத் துடைத்துவிட்டு நகத்தைக் குறுக்கே ஓட்டினேன். வழுக்கிப் போகவேண்டிய நகம் சரசரவென்று மாட்டியது. ஃபேசிங் செய்தபோது, அதாவது முகத்தைச் சீவிச் சமப்படுத்தியபோது, கட்டர் விட்ட வளையக் கோடுகள் அப்படியே இருந்தன. நல்ல கேஸ்கட்டை வாங்கி, அதற்குப் பொருந்தாத முகத்தின்மேல் உட்கார வைத்துவிட்டார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. “எந்த கம்பெனி கேஸ்கட் நல்லதுங்க?” என்பதுதான் என்னிடம் எல்லோரும் கேட்பது. கம்பெனி இரண்டாவது விஷயம். உங்கள் ஹெட்டும் பிளாக்கும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான் முதல் விஷயம்.

பழைய வண்டிகளில் வந்தது கிராஃபைட் அல்லது நார் கலந்த காம்போசிட் கேஸ்கட். அது கொஞ்சம் மெத்தென்று இருக்கும், இறுக்கும்போது மேடு பள்ளத்துக்குள் அமுங்கிக்கொள்ளும். இப்போதைய கார்களில் பெரும்பாலும் வருவது பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட், அதாவது எம்.எல்.எஸ். மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல் தகடுகள் மூன்று நான்கு அடுக்கி, மேலே ரப்பர் பூச்சு பூசியிருப்பார்கள். அலுமினியம் ஹெட் சூட்டில் விரிவது வார்ப்பிரும்பு பிளாக்கைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் ஹெட் கேஸ்கட்டின்மேல் லேசாக இழுபடும். அந்த இழுப்பை எம்.எல்.எஸ். நன்றாகத் தாங்கும். ஆனால் அதன் பூச்சு தலைமுடியைவிட மெல்லியது. ஆழமான கட்டர் கோட்டை அதால் அடைக்க முடியாது. அதனால் லேத்துக்கு ஹெட்டை அனுப்பும்போது, “ஸ்டீல் கேஸ்கட் போடப்போகிறேன், ஃபினிஷ் நைஸாக வேண்டும்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பழைய பழக்கத்தில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் சமதளம். ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்னும் நேர்ச்சட்டத்தை நீளவாட்டிலும் குறுக்கிலும் இரண்டு மூலைவாட்டிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய அளவுத் தகடு நுழைகிறதா என்று பார்க்கவேண்டும். பல சிறிய கார்களின் மேனுவலில் எல்லை 0.05 மி.மீ.தான். சில டீசல் ஹெட்களை ஃபேசிங் செய்யவே கூடாது என்று மேனுவலே சொல்லும். அப்படிப்பட்ட ஹெட் வளைந்திருந்தால் வேறு ஹெட்தான் வழி.

டீசல் என்ஜினில் இன்னொரு கண்டமும் உண்டு. பல மாடல்களுக்கு ஹெட் கேஸ்கட் ஒரே தடிமனில் வராது. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காதில் ஒரு துளை, இரண்டு துளை, அல்லது சிறு வெட்டு என்று அடையாளம் இருக்கும். பிஸ்டன் மேலே வரும்போது பிளாக் முகத்தைத் தாண்டி எவ்வளவு நீட்டுகிறது என்று டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளந்து, அதற்கேற்ற தடிமனை எடுக்கவேண்டும். ரகத்துக்கு ரகம் வித்தியாசம் பெரும்பாலும் 0.1 மி.மீ. அளவில்தான் இருக்கும். மெல்லியதைப் போட்டால் பிஸ்டன் ஹெட்டிலோ வால்விலோ தட்டலாம். தடித்ததைப் போட்டால் கம்ப்ரஷன் குறைந்து, காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும். பழைய கேஸ்கட்டில் எத்தனை துளை இருந்ததோ அதையே வாங்கிவந்துவிடுகிறோம். ஆனால் புது பிஸ்டன் போட்ட பிறகோ பிளாக் முகத்தைச் சீவிய பிறகோ அந்தக் கணக்கு செல்லாது.

கம்பெனி என்று வரும்போது, பெட்டியின் பளபளப்பை விட்டுவிட்டு கேஸ்கட்டையே கையில் எடுத்துப் பாருங்கள். அடுக்குகளைச் சேர்க்கும் ரிவெட் ஆடக்கூடாது. பூச்சு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கவேண்டும். பிளாக்கின்மேல் வைத்தால் எண்ணெய்த் துளையும் தண்ணீர்த் துளையும் கச்சிதமாக நேருக்கு நேர் வரவேண்டும். ஆனால் சில தண்ணீர்த் துளைகள் வேண்டுமென்றே சிறிதாக இருக்கும். தண்ணீர் எந்தச் சிலிண்டருக்கு எவ்வளவு போகவேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்தது அது. “துளை சின்னதாக இருக்கிறது” என்று யாராவது அரம் எடுத்தால் தடுத்துவிடுங்கள். எல்லா கேஸ்கட்டும் சீலும் சேர்ந்த ஃபுல் செட் வாங்கினால் வால்வு சீல் என்ன ரப்பர் என்றும் கேளுங்கள். வைட்டான் சூட்டை நன்றாகத் தாங்கும். சாதாரண நைட்ரைல் சீக்கிரம் இறுகிப்போய் எண்ணெயை உள்ளே விட்டுவிடும்.

சிலிக்கான் பேஸ்ட் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். எம்.எல்.எஸ். கேஸ்கட்டின்மேல் மேனுவல் சொல்லாத இடத்தில் ஒரு துளிகூட வேண்டாம். என்ஜின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பில் தடவும்போதும் மெல்லிய கோடு போதும். வெளியே பிதுங்குவது நம் கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது தெரியாது. அது பிய்ந்துபோய் எண்ணெயை வடிகட்டும் ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைத்து, புதிதாகப் போட்ட பேரிங்கைத் தின்றுவிட்ட என்ஜின்களைப் பார்த்திருக்கிறேன். பழைய கேஸ்கட்டைச் சுரண்ட கிரைண்டரில் தேய்ப்பு டிஸ்க் மாட்டுவதும் இதே வேலையைச் செய்யும். அதன் பொடி எண்ணெயோடு கலந்து பேரிங்குக்குப் போகும். அம்பாசடர் காலத்து என்ஜினாக இருந்தால் கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது புற்றுநோய் தரும் பொருள். உலர்ந்தபடி தேய்த்துப் பறக்கவிடாமல் நனைத்துப் பக்குவமாக எடுங்கள். பட்டறையில் வேலை பழகும் பையன்களின் நுரையீரல் அது.

அந்தப் பொள்ளாச்சி வண்டிக்கு ஹெட்டை நைஸாக ஃபேசிங் செய்து, உயரம் எல்லைக்குள் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, பிஸ்டனை அளந்து சரியான தடிமனில் கேஸ்கட் போட்டோம். போல்ட்டுகளும் புதிது. டார்க் ரெஞ்சால் குறித்த இறுக்கம் வைத்தபிறகு டிகிரி கணக்கில் திருப்பும் போல்ட் பெரும்பாலும் ஒருமுறைக்குத்தான். நீண்டுபோனதைத் திரும்ப மாட்டினால் பிடி தளர்ந்துவிடும். பிளாக்கில் போல்ட் இறங்கும் துளைகளில் தேங்கிய எண்ணெயையும் தண்ணீரையும் ஊதி எடுத்தோம். அது உள்ளே இருந்தால் டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும், சில சமயம் பிளாக்கே விரிசல் விடும்.

அவர் மறுபடி வால்பாறைக்குப் போய்வந்து கூப்பிட்டார். 40 கொண்டை ஊசி வளைவும் ஏறியாயிற்று, தண்ணீர் போட்ட கோட்டிலேயே நிற்கிறது என்றார். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: என்ஜின் வேலைக்கு வண்டியை விடும்போது, ஹெட்டின் வளைவு எத்தனை, பிஸ்டன் நீட்டம் எத்தனை, கேஸ்கட் தடிமன் எத்தனை என்று மூன்று அளவையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கேளுங்கள்.