4.56 போடச் சொன்னது யார்?

சாலையில் தூவிய உப்பை மழை கழுவிய பிறகுதான் ஒன்டாரியோவில் பழைய கார்கள் கொட்டகையை விட்டு வெளியே வரும். எங்கள் பட்டறைக்கும் அப்போதுதான் ஒரே புகார் வெவ்வேறு வாய்களில் வந்து சேரும். குளிர்காலத்தில் பின் ஆக்சிலுக்கு 4.56 கியர் போட்டேன், நெடுஞ்சாலையில் எஞ்சின் கதறுகிறது, டிராக் ஓட்டத்தில் (நேர்கோட்டில் ஓடும் கால் மைல் பந்தயம்) நேரமும் குறையவில்லை என்பார்கள். இந்த முறை வந்தது எழுபதுகளின் கமாரோ. செவ்ரொலேயின் 350 கன அங்குல எஞ்சின், மூன்று கியர் டர்போ 350 ஆட்டோமேட்டிக், 26 அங்குல டயர். (அந்த ‘டர்போ’வுக்கும் டர்போசார்ஜருக்கும் எந்த உறவும் இல்லை. அதையும் கேட்பார்கள்.) அந்தத் தம்பி இதே காரில்தான் தினமும் 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறார். 4.56 போடச் சொன்னது யார் என்று கேட்டேன். “எல்லோரும் சொன்னார்கள், அண்ணா” என்றார்.

அந்த எல்லோரும் கொஞ்சம் உட்காருங்கள்.

எண் பெரிதானால் கார் வேகமாகாது. 4.56 என்றால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட் 4.56 முறை சுழலும்போது சக்கரம் ஒரு முறை சுழல்கிறது, அவ்வளவுதான். எண் ஏற ஏறச் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை கூடும். எந்த அளவுக்குக் கூடுகிறதோ, அந்த அளவுக்கு அந்தக் கியரில் எட்டக்கூடிய வேகம் குறையும். எஞ்சினின் சக்தி ஒரு குதிரைத்திறன்கூட ஏறுவதில்லை. காலை அழுத்தியதும் முதுகு சீட்டில் ஒட்டுகிறதே என்பார்கள். ஒட்டும். அந்த உணர்ச்சி முதல் இருபது மீட்டருக்கு. கால் மைல் ஓட்டம் என்பது 402 மீட்டர். அதுவும் சாதாரணச் சாலை டயரில் அந்தக் கூடுதல் முறுக்குவிசை முழுவதும் புகையாகத்தான் போகிறது.

கணக்கு எளிது. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பதை ஆக்சில் எண்ணால் பெருக்குங்கள், கியர்பாக்ஸில் அந்தக் கியரின் எண்ணால் பெருக்குங்கள், பிறகு 209ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று தெரியும். டர்போ 350இல் மூன்றாவது கியர் 1.00. ஆகவே 110 கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் கமாரோ ஏறக்குறைய 4,030 சுற்று ஓடுகிறது. கன்வெர்ட்டர் (எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைப்பது) வழுக்கலையும் சேர்த்தால் இன்னும் மேலே. வேலைக்குப் போகும் வழி முழுக்க இப்படி! முன்பு இருந்த 3.73இல் அது 3,300தான்.

இனி ஓடுதளம். இந்தக் கார் கால் மைல் கோட்டை 177 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும். எஞ்சினின் உச்ச சக்தி 5,500 சுற்றுக்கு அருகில். 6,200ஐத் தாண்டினால் வால்வு ஸ்பிரிங் தாங்காது. 4.56 போட்டு 177ஐத் தொட 6,490 சுற்று வேண்டும். ஆக, கோட்டுக்கு முன்பே எஞ்சின் மூச்சு முட்டி நிற்கிறது. 4.10 என்றால் 5,830: உச்ச சக்தியைச் சற்றே தாண்டிக் கோட்டைக் கடக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். 3.73 என்றால் 5,310. கொஞ்சம் குறைவு, ஆனால் பாதகமில்லை. ஆக்சில் எண்ணைக் கோட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். நண்பரின் காரில் என்ன எண் என்று பார்த்து வாங்குகிறவர்களிடம் இதை எத்தனை முறை சொல்வது?

புறப்படும்போது கிடைக்கும் இழுவையை ஆக்சில் மட்டும் தருவதில்லை. முதல் கியரின் எண்ணையும் ஆக்சில் எண்ணையும் பெருக்கிப் பாருங்கள். டர்போ 350இன் முதல் கியர் 2.52, அதோடு 4.10 சேர்ந்தால் 10.3. அதே ஜெனரல் மோட்டார்ஸின் 200-4ஆர் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் 2.74, அதோடு 3.73 சேர்ந்தால் 10.2. புறப்பாடு ஒன்றுதான். ஆனால் 200-4ஆரின் நான்காவது கியர் 0.67 என்பதால் நெடுஞ்சாலையில் 110 வேகத்துக்கு ஏறக்குறைய 2,200 சுற்று போதும். நீளமும் ஏறக்குறைய டர்போ 350 அளவே. உட்பாகங்களை வலுப்படுத்தித்தான் போட வேண்டும். பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்து அப்படியே மாட்டிவிட்டு என்னிடம் வராதீர்கள். சக்தி நிறைய உள்ள கனமான காருக்கு 4எல்80இ ஆட்டோமேட்டிக் பெட்டி. பலர் ஆசைப்படும் 700ஆர்4இல் முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63. 6,000 சுற்றில் மாற்றினால் எஞ்சின் 3,200க்கு விழுகிறது. சாலைக்குச் சுகம், ஓட்டத்துக்கு இடைவெளி பெரிது. இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு பந்தயக் காருக்கு நல்ல பெட்டிதான். பால் வாங்கப் போகும் காருக்கு வேண்டாம்.

டயரை மறந்துவிடுகிறார்கள். சாலைக்கு 26 அங்குலம், ஓடுதளத்துக்கு 28 அங்குல ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர்) என்று மாற்றி மாட்டுகிறவருக்கு, 4.10 ஆக்சில் அன்றைக்கு 3.81 போலத்தான் நடந்துகொள்ளும். எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன்பே டயரை முடிவு செய்யுங்கள்.

கன்வெர்ட்டரும் அப்படியே. 3,500 சுற்று ஸ்டால் கன்வெர்ட்டரை (ஏறக்குறைய அந்தச் சுற்று வரை வழுக்க விடுவது) ஓவர்டிரைவோடு, அதாவது 1.00க்குக் குறைந்த மேல் கியரோடு சேர்த்து, வழுக்கலை நிறுத்திப் பூட்டும் லாக்கப் இல்லாமல் 2,200 சுற்றில் மணிக்கணக்காக ஓட்டினால், அது வழுக்கிக்கொண்டே எண்ணெயை வேகவைக்கும். லாக்கப் வையுங்கள், தனிக் கூலர் வையுங்கள். கருகிய வாசனை வந்த பிறகு எண்ணெயை மாற்றிப் பயனில்லை.

எண் ஏறினால் பினியன் (புரொபெல்லர் ஷாஃப்ட் சுழற்றும் சிறு பல்சக்கரம்) சிறிதாகும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரௌனில் 41 பல் என்றால், 3.73க்குப் பினியனில் 11 பல், 4.10க்கு 10, 4.56க்கு 9. பல் குறையக் குறைய ஒவ்வொரு பல்லின் மேலும் சுமை ஏறும். ஒட்டும் டயரும் கனமான காரும் சேர்ந்தால் முதலில் போவது அதுதான். செவ்ரொலே 12 போல்ட் ஆக்சிலில் 3.73இலிருந்து 4.10க்குப் போனால் கிரௌனைத் தாங்கும் கேரியரையும் மாற்ற வேண்டும், அல்லது தடித்த கிரௌன் வாங்க வேண்டும். பட்ஜெட் போடும்போது இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கமாரோவின் 10 போல்ட் ஆக்சில், ஃபோர்டின் 8.8 அங்குல ஆக்சில் ஆகியவற்றில் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்டை உள்ளே பிடித்திருப்பது ‘C’ வடிவிலான ஒரு சிறிய சி-கிளிப். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரம் ஷாஃப்டோடு வெளியே கழன்று ஓடும். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதிப்படி, கால் மைலை 10.99 நொடி அல்லது அதைவிட வேகமாக ஓடும் காருக்கு வலுவான மாற்று ஷாஃப்டும் அதைப் பிடித்து வைக்கும் அமைப்பும் கட்டாயம். ஸ்லிக் மாட்டி 13.99க்குள் ஓடினால் புரொபெல்லர் ஷாஃப்டுக்குக் கீழே வளையம் கட்டாயம். முன் மூட்டு முறிந்து ஷாஃப்ட் தரையில் குத்தினால் கார் எங்கே போகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வளையத்துக்கு ஆகும் செலவு ஒரு டயர் விலைகூட இல்லை. இரு பின்சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும் ஸ்பூல் வேண்டவே வேண்டாம். மழையில் திருப்பத்தில் இரு பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுழன்றால் காரின் வால் உங்களை முந்திக்கொள்ளும்.

ஒரு வேண்டுகோள். புதுக் கியரைச் சோதிக்க இரவில் வெற்றுச் சாலையைத் தேடாதீர்கள். ஒன்டாரியோவில் வேக வரம்புக்கு மேல் 50 கிலோமீட்டர் (வரம்பு 80க்குக் குறைவான சாலையில் 40) போனால் அந்த இடத்திலேயே 30 நாள் உரிமம் போகும், காரை 14 நாள் எடுத்துப் போவார்கள். அதைவிட, எதிரே வருகிறவர் நம் கணக்கில் இல்லை. கயூகாவில் ஓடுதளம் இருக்கிறது. அங்கே போங்கள், தம்பி.

அதற்கு முன் கியர் பழக வேண்டும். முதல் நாள் பதினைந்து, இருபது நிமிடம் மெதுவாக ஓட்டி, முழுவதும் ஆறவிடுங்கள். 800 கிலோமீட்டர் வரை இழுப்பு, பந்தயம், சுமை எதுவும் கூடாது; பிறகு எண்ணெயை மாற்றுங்கள். பட்டறையிலிருந்து நேரே ஓடுதளத்துக்குப் போய், வெந்து நீலமான கிரௌனின் படத்தை எனக்கு அனுப்பினால், அதற்கு உத்தரவாதம் கிடையாது.