போலி மாத்திரையைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா?

மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு எதிரே பனகல் சாலையில் மருந்து வாங்குபவர்கள், மாத்திரை அட்டையைத் திருப்பி விலையையும் காலாவதித் தேதியையும் பார்ப்பார்கள். பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும் பேட்ச் எண்ணை, அதாவது ஒரே தொகுப்பாகத் தயாரான மாத்திரைகளுக்கு நிறுவனம் தரும் எண்ணை, பார்ப்பவர்கள் குறைவு. போலியைப் பிடிக்க உதவுவது அந்த எண்தான்.

குறைந்த அளவு மருந்துள்ள மாத்திரைகளில் எடையின் பெரும்பகுதி லாக்டோஸ், மாவுச்சத்து போன்ற நிரப்பிகளே. மருந்தே இல்லாவிட்டாலும் நிறமும் வடிவமும் மாறாது. ஆய்வகத்தில் மாத்திரையைக் கரைத்து, அதில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராபி போன்ற கருவியில் சோதித்தால்தான் உண்மை தெரியும். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையில் 475 முதல் 525 மில்லிகிராம் வரை மருந்து இருக்க வேண்டும்.

மருந்தில்லாத மாத்திரையைவிட, வேறு மருந்தோ குறைந்த மருந்தோ உள்ள மாத்திரையே எனக்கு அதிக அச்சம் தருகிறது. தென்கிழக்கு ஆசியாவில் பிடிபட்ட போலி மலேரியா மாத்திரைகள் சிலவற்றில் பாராசிட்டமால் இருந்தது. காய்ச்சல் இறங்கும், குணமாகிவிட்டதாக நோயாளி நம்புவார், ஒட்டுண்ணியோ ரத்தத்தில் பெருகிக்கொண்டே இருக்கும். ஆன்டிபயாட்டிக்கில் அளவு குறைந்தால் வலுவற்ற கிருமிகள் மட்டும் சாகும். தாக்குப்பிடிக்கும் கிருமிகள் பெருகி, வீட்டில் மற்றவர்களுக்கும் பரவலாம். அப்போது அவர்களுக்கு அசல் மருந்துகூடப் பலிக்காமல் போகலாம். வளரும் நாடுகளில் பத்தில் ஒரு மருந்து தரமற்றதோ போலியோ என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மதிப்பிட்டது.

2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் 300 முன்னணி மருந்து பிராண்டுகளில் பார்கோடு அல்லது கியூஆர் குறியீடு கட்டாயம். செல்போனில் ஸ்கேன் செய்தால் வரும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். ஆனால் குறியீட்டையும் நகலெடுக்கலாம். ஆகவே உரிமம் மாட்டியிருக்கும், மருந்தாளுநர் இருக்கும் கடையில் வாங்கி, பேட்ச் எண்ணோடு பில் கேளுங்கள். உசிலம்பட்டியோ மேலூரோ, பழகிய கடையென்றாலும் பில் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மாத்திரை அட்டையை வெட்டி வாங்க நேர்ந்தால், பேட்ச் எண்ணும் தேதியும் உள்ள பகுதியைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் பெருந்தள்ளுபடி என்றால் வாங்கவே வேண்டாம்.

சந்தேகம் வந்தால் ரத்த அழுத்தம், வலிப்பு, சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாமல் அன்றே மருத்துவரிடம் கேட்டு மாற்று வாங்குங்கள். மிச்ச மாத்திரைகளைக் குப்பையில் போடாதீர்கள். அட்டையையும் பில்லையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளரிடம் காட்டினால், அந்தப் பேட்ச் எந்த மொத்த வியாபாரியிடமிருந்து வந்தது, வேறெந்தக் கடைகளுக்குப் போயிருக்கிறது என்று அவர் தேடத் தொடங்க முடியும்.