ஒரே செய்தி, இரண்டு கோபம்: செல்போன் சண்டைகள் எப்படி மூள்கின்றன?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, டீ இடைவேளை. கட்டிங் மேஜை ஓரமாக நின்று இரண்டு பேர் ஒரே செல்போனில் ஒரே செய்தித் துண்டைப் பார்க்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதே, அந்தச் செய்தி. அதில் பாதி, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்காகப் போட்ட கூடுதல் வரி. எங்கோ உக்ரைனில் நடக்கும் போர், இங்கே ஆர்டர் ஷீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது.

“இந்தச் சேனல்காரன் எப்பவுமே கவர்மென்ட்டுக்குத்தானுங்கண்ணா ஜால்ரா” என்கிறார் ஒருவர். “எங்கீங்க, ஆரம்பத்துல இருந்து கவர்மென்ட்டைக் குத்திக் குத்தியே பேசறான்” என்கிறார் இன்னொருவர். இருவருமே பொய் சொல்லவில்லை. அவரவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

இதை முதன்முதலில் அளந்து காட்டியவர்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வலோன், ராஸ், லெப்பர் என்ற மூன்று உளவியலாளர்கள். 1982-ல் லெபனானில் சப்ரா, ஷட்டிலா என்ற பாலஸ்தீன அகதி முகாம்களில், இஸ்ரேலின் கூட்டாளியான ஓர் ஆயுதக் குழு படுகொலை நடத்தியது. அதைப் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சிகள் காட்டிய செய்திகளில் சிலவற்றை எடுத்து 144 மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சிலர் இஸ்ரேல் பக்கம், சிலர் அரபுப் பக்கம், மீதிப் பேர் எந்தப் பக்கமும் இல்லை. முடிவு 1985-ல் வெளியானது. இஸ்ரேலை ஆதரித்தவர்கள், செய்தியில் இஸ்ரேலைப் பற்றி வந்த பேச்சில் 57 சதவீதம் அதற்கு எதிரானது என்றார்கள். அரபுப் பக்கம் நின்றவர்களோ, அதே பேச்சில் 42 சதவீதம் இஸ்ரேலுக்குச் சாதகம், 26 சதவீதம்தான் எதிர் என்றார்கள். இரண்டு பக்கமும் பார்த்தது ஒரே ஒளிநாடா. எந்தப் பக்கமும் சாராத ஒருவர் இதைப் பார்த்தால் நமக்கு எதிராகத் திரும்பிவிடுவார் என்றும் இரண்டு தரப்பும் பயந்தன. விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்த உணர்வு குறையவும் இல்லை. ஒரு பக்கம் நின்றவர்களில் அதிகம் படித்து வைத்திருந்தவர்களுக்கே ஊடகத்தின் சாய்வு அதிகமாகத் தெரிந்தது.

பிடிக்காததை மட்டும் மூளை ஞாபகம் வைத்துக்கொள்கிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். பிறகு 2004-ல் ஷ்மிட், குந்தர், லீப்ஹார்ட் ஆகியோர் நடத்திய சோதனை வேறு பக்கம் கை காட்டியது. இரு தரப்புக்கும் ஒரே வரிகள்தான் ஞாபகம் இருந்தன. ஆனால் எந்த வரி யாருக்குச் சாதகம் என்று பிரிக்கும்போது கணக்கு மாறியது. நடுவில் நிற்கும் வரியைக்கூட ஒவ்வொரு தரப்பும் ‘எதிரியின் வரி’ என்று எதிர்ப்பக்கத் தட்டில் போட்டது. இதே குந்தரும் ஷ்மிட்டும் அதே ஆண்டில் இன்னொன்றும் செய்தார்கள். மரபணு மாற்றுப் பயிர் பற்றிய ஒரே கட்டுரையைச் சிலருக்குப் பத்திரிகைச் செய்தி என்றும், சிலருக்கு மாணவர் எழுதிய கட்டுரை என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். பத்திரிகை என்று நம்பியவர்களுக்குத்தான் சாய்வு தெரிந்தது. ஊரெல்லாம் படிக்கப்போகிறது என்ற எண்ணமே தராசைத் தட்டிவிடுகிறது.

ஆகவே “இந்தச் சேனல் ஒருதலைப்பட்சம்” என்று நமக்குத் தோன்றுவது சேனலைப் பற்றிய சான்று ஆகாது. சாயும் சேனல்கள் இல்லை என்று சொல்லவில்லை, நிறையவே இருக்கின்றன. ஆனால் அதைக் கண்டுபிடிக்க எண்ண வேண்டும். ஒரு வாரத்தில் எந்தச் செய்தியை முதலில் போட்டார்கள், எந்தத் தரப்பை எத்தனை நிமிடம் பேசவிட்டார்கள், எதைப் போடவே இல்லை என்று தாளில் குறிக்க வேண்டும். ஒரு துண்டைப் பார்த்து வரும் கோபத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது.

இந்தக் கோபத்துக்கு மேடை போட்டுக் கொடுப்பது செயலி. 2017-ல் ஃபேஸ்புக், கோபமுக பொம்மை உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்குச் சாதாரண லைக்கைவிட 5 மடங்கு மதிப்பெண் கொடுத்தது. ஒருவர் கோபப்பட்டால், ஐந்து பேர் விரும்பியதற்குச் சமம் என்று எடுத்துக்கொண்டு அந்தப் பதிவை மேலே தூக்கிவிட்டது. கோபக்குறிக்கான மதிப்பெண்ணைப் பின்னர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 2020-ல்தான் பூஜ்யம் ஆக்கினார்கள். வார்த்தைகளுக்கும் இப்படி எடை உண்டு. 2017-ல் பிரேடியும் குழுவினரும் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட ட்வீட்களை ஆராய்ந்தார்கள். ‘வெட்கக்கேடு’, ‘துரோகம்’ போல நியாயமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பகிர்வு ஏறத்தாழ 20 சதவீதம் கூடியது. 2021-ல் ராத்ஜேயும் சகாக்களும் 27 லட்சம் பதிவுகளில் கண்டது இன்னும் கடுமை: எதிர்த்தரப்பைக் குறிக்கும் ஒரு சொல் சேர்ந்தால் பகிர்வு 67 சதவீதம் ஏறியது. தன் கட்சியைப் பாராட்டி எழுதுவதைவிட எதிரியின் பெயரைச் சொல்லித் திட்டினால் பதிவு ஓடும். ஐ.டி. விங் ஆட்களுக்கு இது மனப்பாடம்.

பொய்க்கு வேகமும் உண்டு. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் உலவிய 1,26,000 செய்திகளை வோசோகி, ராய், அரால் தொடர்ந்து பார்த்தார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரை எட்ட உண்மைக்கு ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் பிடித்தது. ரோபோ கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் இதே நிலைதான். பரப்பியது மனிதர்கள். பொய் புதிதாக இருக்கிறது, அதனால் கை நீளுகிறது.

வாட்ஸ்அப்பில் கணக்கு வேறு மாதிரி. 2018-ல் இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தினார்கள். 2020 ஏப்ரல் முதல், ஐந்து கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்பலாம். அதன் தலையில் இரட்டை அம்புக்குறியும் ‘பலமுறை அனுப்பப்பட்டது’ என்ற குறிப்பும் இருக்கும். ஐந்து போதாதா? ஒருவர் 200 பேர் கொண்ட ஐந்து குழுக்களுக்கு அனுப்பினால் 1,000 பேர். அவர்களில் நூற்றுக்கு ஒருவர் அனுப்பினாலே பத்துப் பேர். ஃபார்வர்டு ஆகி வந்த செய்தியை 2022 முதல் ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்குத்தான் அனுப்ப முடியும் என்றாலும், அவர்கள் ஆளுக்கு ஐந்து குழுக்களில் ஒவ்வொன்றாகப் போட்டால் அடுத்த சுற்றில் 50 குழு, 10,000 பேர். வீடியோவை கேலரியில் இறக்கிப் புதிதாக ஏற்றினால் அம்புக்குறி மறைந்து கணக்கு மறுபடி ஒன்றில் தொடங்கும். ஆகவே அம்புக்குறி இருந்தால் எச்சரிக்கை, இல்லாவிட்டால் நிம்மதி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கொங்கு நாடு இதன் விலையைக் கண்ணால் பார்த்தது 2023 மார்ச் முதல் வாரத்தில். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் கிளம்பின. அவற்றில் பல, வேறு இடங்களில், வேறு ஆட்களுக்குள், வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளின் காட்சிகள். ஹோலிக்கு ஊர் போகக் கூடிய ரயில் நிலையக் கூட்டம்கூட, தப்பி ஓடும் கூட்டமாகக் காட்டப்பட்டது. டி.ஜி.பி. சைலேந்திர பாபு வீடியோ வெளியிட்டு மறுத்தார். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளர்களிடமே பேசியது. கம்பெனி விடுதியில் இருந்த பையன், பாட்னா பக்கம் இருந்து அழைத்த அம்மாவிடம் “இங்கே ஒன்றும் இல்லை” என்று சொன்னாலும் நம்பவைக்க முடியாத நாட்கள் அவை. பொய் இந்தியில் ஓடியது, தமிழில் போட்ட மறுப்பு அந்த அம்மாவைப் போய்ச் சேராது.

இந்தச் சம்பவத்தில் இருக்கும் தொழில்நுட்ப உண்மையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வீடியோக்கள் பலவற்றில் காட்சி நிஜம், தலைப்புதான் பொய். போர், கலவரம் பற்றிப் பரவும் பொய்களில் பெரும்பகுதி இந்த ரகம். ‘வெட்டி ஒட்டியிருக்கிறதா’ என்று உற்றுப் பார்த்துப் பயனில்லை. எப்போது, எங்கே எடுத்தது என்ற இரண்டைத்தான் தேட வேண்டும். 2025 மே மாதம் இந்தியா–பாகிஸ்தான் மோதலின்போது கராச்சித் துறைமுகம் எரிகிறது என்று ஒரு படம் சுற்றியது. அது அதே ஆண்டு ஜனவரி 31-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு சிறு விமானம் விழுந்து எரிந்த தெரு.

தேடும் முறை இது. வீடியோவை நிறுத்தி நிறுத்தி மூன்று நான்கு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆள் முகமோ புகையோ மட்டும் இருக்கும் காட்சி உதவாது. கடைப்பலகை, பேருந்தின் நிறம், வண்டி நம்பர், மின்கம்பம், கோபுரம் என ஏதாவது அசையாத பொருள் தெரியும் காட்சி வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் எழுத்தை வெட்டிவிட்டு கூகுள் லென்ஸில் போடுங்கள். வரும் முடிவுகளில் மிகப் பழைய தேதியைத் தேடுங்கள். சொல்லப்படும் சம்பவத்துக்கு முந்தைய தேதியில் அதே படம் ஒரு இடத்தில் இருந்தால் போதும், வேலை முடிந்தது. எதுவும் கிடைக்கவில்லை என்றால் படத்தை இடவலமாகத் திருப்பி மறுபடி தேடுங்கள். தேடலை ஏமாற்ற இப்படித் திருப்பி ஏற்றுவதும் உண்டு. பலகையில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறித் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். படம் எடுத்த தேதி கோப்பிலேயே இருக்குமே என்று சிலர் கேட்பார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது அந்த விவரங்களை அழித்துவிடுகிறது.

போர் வீடியோவில் இன்னொரு சிக்கல், கணினி விளையாட்டு. ஆர்மா 3 என்ற விளையாட்டின் காட்சிகள் உக்ரைன், காசா போர்க் காட்சிகளாகத் திரும்பத் திரும்ப உலவின. அதைத் தயாரித்த செக் நாட்டு நிறுவனமான போஹிமியா இன்டராக்டிவ், 2022 நவம்பரில் தானே அடையாளங்களைச் சொன்னது: மங்கலான படம், கேமரா ஆட்டம், பெரும்பாலும் இருட்டு, சத்தம் இல்லாமை, ஆட்கள் நடமாட்டம் இல்லாமை, இயல்புக்கு ஒவ்வாத புகையும் நெருப்பும். உள்ளூர் அரசியலுக்கு வந்தால் தொல்லை ‘நியூஸ் கார்டு’. சேனல் லோகோவுடன் தலைவர் சொல்லாததைச் சொன்னதாக ஒரு கார்டு வரும். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் அதே தேதிக்குப் போய்ப் பாருங்கள். போலி என்றால் பெரும்பாலும் எழுத்துரு மாறியிருக்கும், ஒற்று எழுத்து தப்பியிருக்கும், தேதி பட்டை இடம் மாறியிருக்கும்.

சரி, பொய் என்று தெரிந்துவிட்டது. எப்படிப் பதில் சொல்வது?

‘திருத்தினால் பிடிவாதம் இன்னும் கூடும்’ என்ற பேச்சு 2010-ல் வந்த ஒரு ஆய்வால் பிரபலமானது. பின்னால் வுட், போர்ட்டர் இருவரும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் பல தலைப்புகளில் சோதித்தபோது அது பெரும்பாலும் திரும்ப வரவில்லை. திருத்தம் வேலை செய்கிறது. ஆனால் யாரிடம் என்பதில்தான் சூட்சுமம். போட், வ்ராகா என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியது இது: வாதிடுபவர் மனம் மாறாவிட்டாலும், ஓரமாக நின்று படிப்பவர்களின் தவறான எண்ணம் குறைகிறது. நம்பகமான இடத்தின் இணைப்பைச் சேர்த்தால் இன்னும் நல்லது. குடும்பக் குழுவில் பேசுபவர்கள் நான்கு பேர், மீதிப் பேர் சத்தமில்லாமல் படிப்பவர்கள். எழுதுவது அவர்களுக்காக என்று வைத்துக்கொண்டால் தொனி தானாக மாறிவிடும். அனுப்பியவர் பெரியப்பா என்றால் அவருக்குத் தனியாக ஒரு வார்த்தை முதலில் போகட்டும். சபையில் தலைகுனிய வைத்துவிட்டால் பிறகு எந்த ஆதாரமும் எடுபடாது.

கொள்கை பற்றிய சண்டை என்றால் வேறு கருவி. 2013-ல் ஃபெர்ன்பாக் குழுவினர், ‘இந்தத் திட்டத்தை ஏன் ஆதரிக்கிறீர்கள்’ என்று கேட்காமல் ‘இது எப்படி வேலை செய்யும், படிப்படியாகச் சொல்லுங்கள்’ என்று கேட்டார்கள். பதில் சொல்லச் சொல்ல, தமக்கு இது எவ்வளவு தெரியும் என்ற மதிப்பீட்டை ஆட்களே குறைத்துக்கொண்டார்கள். கருத்தின் காரமும் குறைந்தது. இந்த இரண்டாவது விளைவு பின்னர் நடந்த சோதனைகளில் எப்போதும் திரும்ப வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலாவது உறுதியாக நிற்கிறது.

நம் பக்கம் இதற்கு நல்ல உதாரணம் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம். 2019-ல் அ.தி.மு.க. ஆட்சியில் அடிக்கல், 2024 ஆகஸ்டில் தி.மு.க. ஆட்சியில் தொடக்க விழா. யார் கொண்டுவந்தது என்று இன்றும் சண்டை. ‘ஏனுங்க, தண்ணி எப்படிங்க வருது?’ என்று கேட்டுப் பாருங்கள். பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி நீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாகக் குழாயில் தள்ளி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுக்க வேண்டும். நொடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள். ஒரு நாளுக்கு 86,400 நொடி, பெருக்கினால் 151 கோடி கன அடி, அதுதான் 1.5 டி.எம்.சி. குளத்துக்குச் சராசரி 14 லட்சம் கன அடிக்குச் சற்று மேல். இந்தக் கணக்கு வந்ததும் பேச்சு வேறு தடத்துக்குப் போகிறது: ஆற்றில் உபரி எத்தனை நாள் இருக்கும், மோட்டாருக்குக் கரண்ட் செலவு யார் தலையில், கடைசிக் குட்டைக்கு அழுத்தம் எட்டுகிறதா. இவற்றுக்கு வாய்ச்சவடாலால் பதில் சொல்ல முடியாது, போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மறுப்பு எழுதும்போது உண்மை முதல் வரியில் வரட்டும். பொய்யை ஒரே ஒரு முறை சொல்லி, அது எங்கே பிசகுகிறது என்று காட்டி, உண்மையோடு முடியுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பது நிஜமாகத் தோன்றத் தொடங்கும் என்பது 1977-லிருந்தே சோதனைகளில் தெரிந்த விஷயம். பொய்யைத் தலைப்பாக்கி ‘இது உண்மையா?’ என்று கேட்டால், கேள்விக்குறி மறந்து வாசகம் மட்டும் நிற்கும். தேதி போடுங்கள், ஏனென்றால் மறுப்பும் ஆறு மாதம் கழித்து வேறு சம்பவத்துக்குச் சுற்றிவரும். குழுவில் போடும் அளவுக்கு இப்படி இருந்தால் போதும்:

“கராச்சித் துறைமுகம்னு வந்திருக்கிற படம் அமெரிக்காவுல பிலடெல்பியாவுல எடுத்ததுங்க. 2025 ஜனவரி 31-ல அங்க விமானம் விழுந்தப்ப வந்த படம், சண்டை தொடங்கறதுக்கு மூணு மாசம் முன்னாடியே இணையத்துல இருக்குது. பழைய செய்தியோட லிங்க் கீழ இருக்குது, பாத்துக்குங்க. – 2025 மே 9.”

இதோடு அந்தப் படத்தை மறுபடி ஒட்ட வேண்டாம். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் குறுக்கே பெரிதாகச் சிவப்புக் கோடு போட்டு ஒட்டுங்கள், அங்கிருந்து வெட்டி எடுக்க முடியாதபடி. யாராவது எதிர்த்தால் இன்னொரு ஆதாரத்தோடு ஒரு பதில். அதற்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு பதிலும் அந்தப் பேச்சை அரட்டைப் பட்டியலில் மறுபடி மேலே தூக்கிக் கொண்டுவரும்.