வாஷ்அவுட்: பின்மங்கல்

பாளையங்கோட்டைப் பக்கம் 'டை' ஏற்றி எடுக்கும் ஈரல் சிடி அறிக்கையில் 'வாஷ்அவுட்' என்று இருந்தால், 'கட்டி கழுவிப் போயிட்டு' என வீட்டார் நிம்மதி அடைய இடமுண்டு. பொருள் அதற்கு நேர்மாறு.

தண்ணீர் அரித்துக்கொண்டு போவதுதான் ஆங்கிலத்தில் வாஷ்அவுட். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்டவாளத்தடி மண் அரித்துப்போய், திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றதே, ரயில்வேக்காரர்களுக்கு அதுவும் வாஷ்அவுட்தான்.

ஈரலில் நடப்பது வேறு. ஈரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையில் வருகிறது, கால் பங்கு தமனியில். ஈரல் செல் புற்றோ பெரும்பாலும் தமனியை நம்பியே வளரும். 'டை' எனப்படும் அயோடின் மருந்தை நொடிக்கு 3 முதல் 5 மில்லி வேகத்தில் செலுத்தினால், ஏறத்தாழ 35ஆம் நொடியில் (தமனிக் கட்டம்) கட்டி முந்திக்கொண்டு வெளுப்பாகத் தெரியும். 60–80 நொடியில் (போர்ட்டல் கட்டம்) போர்ட்டல் ரத்தம் வந்து மற்ற ஈரலும் வெளுக்கும். அப்போதோ, 2 முதல் 5 நிமிடத்திலோ (கடைசிக் கட்டம்), கட்டி மட்டும் கறுத்து நிற்கும். கட்டியிலிருந்து மருந்து வெளியேறுவது பாதிக் காரணம். சுற்றுப்புறம் வெளுத்துவிட்டது மீதி. ஈரல் படங்களைப் படித்து வகைப்படுத்தும் எல்ஐ-ராட்ஸ் நெறிமுறையும் இச்சொல்லை மேற்கோள் குறிக்குள்தான் போடுகிறது.

தமிழில் 'சாயம் வெளுத்தல்' பொருந்தாது. பத்தமடைக் கோரையில் சாயம் போனால் வெளுக்கும், சிடியில் மருந்து இருந்தால்தான் வெளுக்கும்! 'வடிதல்' நல்ல சொல், ஆனால் நடந்ததைத் தீர்மானித்துச் சொல்லிவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்வது 'பின்மங்கல்'. தமனிக் கட்டத்து வெளுப்பை 'முன்னொளிர்வு' எனலாம்.

சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்குவது) அல்லது நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவரிடம், 1 செ.மீ.க்குக் குறையாத கட்டியில் விளிம்போடு நிற்காத முன்னொளிர்வும் பின்மங்கலும் சேர்ந்தால் அது எல்ஐ-ராட்ஸில் எல்ஆர்-5 என்ற வகை. பயாப்சி இல்லாமலே ஈரல் செல் புற்று என முடிவு செய்வார்கள். நல்ல ஈரலில் இந்தக் கணக்கு செல்லாது. விளிம்பு மட்டும் மங்கினால் எல்ஆர்-எம், அதாவது புற்றுதான் போலிருக்கிறது, ஆனால் ஈரல் செல் புற்றுதான் என்று சொல்ல முடியாத வகை. பித்தநாளப் புற்றாகவும் இருக்கலாம், பெரும்பாலும் பயாப்சி வேண்டிவரும்.

தவறு நேர்வது பெரும்பாலும் நேரத்தில். புறங்கையில் மெல்லிய ஊசி போட்டு மருந்து மெதுவாக ஏறினால் முன்னொளிர்வு தெரியாமலே போகும். போர்ட்டல் சிரை லேசாக வெளுத்து, ஈரல் சிரை இன்னும் வெளுக்காதிருந்தால் தமனிக் கட்டம் சரி. கடைசிக் கட்டத்தை எடுக்காமல் விட்டால் பின்மங்கல் தப்பிவிடும். கேடாக்சிடேட் மருந்தேற்றிய எம்ஆர்ஐயில் மட்டும் போர்ட்டல் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்: அதற்குப் பிறகு ஈரல் செல்களே மருந்தை உறிஞ்சுவதால், எந்தக் கட்டியும் மங்கியதுபோல் தெரியக்கூடும்.