சொல் விளக்கம்: டிஸ்பிளே சர்வர், சேவையகமா வழங்கியா?

லினக்ஸில் கிராஃபிக்ஸ் அமைப்பது பற்றித் தமிழில் எதைத் திறந்தாலும் "காட்சிச் சேவையகம்" வந்து நிற்கிறது. டிஸ்பிளே சர்வரைத்தான் அப்படிச் சொல்கிறார்களாம். படித்துப் படித்துச் சலித்துவிட்டது.

திரை, விசைப்பலகை, சுட்டி மூன்றையும் தன் கையில் வைத்துக்கொண்டு, கேட்கும் நிரல்களுக்கெல்லாம் பங்கிட்டுத் தரும் மென்பொருள்தான் டிஸ்பிளே சர்வர். 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் சாளர அமைப்பு இந்த வகை. டிஸ்பிளேயின் லத்தீன் வேருக்கு மடிப்பை விரித்தல் என்று பொருள். சர்வரின் வேருக்கு ஊழியம் செய்தல். வேர்க்கதை இவ்வளவு போதும்.

சேவை வடசொல் என்பதல்ல என் சண்டை. "அகம்" என்ற வால்தான் சிக்கல். நூலகம், மருந்தகம், தலைமையகம் எல்லாம் இடங்கள். சேவையகம் என்றதும் எங்கோ குளிரூட்டிய அறையில் அடுக்கிய பெட்டிகள்தான் நினைவுக்கு வரும். எக்ஸில் நிலைமை நேர் தலைகீழ். தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியே, தொலைவிலுள்ள பெரிய கணினியில் ஒரு நிரலை ஓட்டி, அதன் சாளரத்தை நம் திரையில் பார்க்கிறோம் என்று வையுங்கள். சர்வர் இருப்பது நம் மேசையில். தொலைவில் ஓடும் அந்த நிரல்தான் கிளையன்ட், அதாவது கேட்டு வாங்கும் பக்கம். ஆங்கிலத்தில் படிப்பவர்களே தடுமாறும் இடம் இது. "காட்சிச் சேவையகத்துடன் இணைய முடியவில்லை" என்று பிழைச்செய்தி வந்தால், பாவம், பயனர் இணைய இணைப்பைத்தானே சோதிப்பார்?

வழங்கி இடத்தைச் சொல்லாது, வேலையைச் சொல்லும். திரை வழங்கி என்றால் முடிந்தது. விசைப்பலகை அதில் அடங்கவில்லையே என்பீர்கள். காட்சியில் மட்டும் அடங்குகிறதா? "பரிசு வழங்கிப் பாராட்டினார்" என்பதுபோல் வினையெச்சமாகவும் படலாமே என்றொரு மறுப்பும் உண்டு. சுட்டியும் அப்படித்தான். "சுட்டிக் காட்டினார்" என்று படித்தால் யாரும் மவுஸைத் தேடுவதில்லை.

இதைவிட மோசம், டிஸ்பிளே சர்வரைக் "காட்சி இயக்கி" என்பது. வன்பொருளை இயக்க உதவும் மென்பொருளான டிரைவருக்கு இயக்கி என்று எப்போதோ நிலைத்துவிட்டது. வன்பொருள் முடுக்கம், அதாவது படம் வரையும் வேலையை கிராஃபிக்ஸ் அட்டையிடம் விடுவது, பற்றிய குறிப்பில் இரண்டுமே வரும். "இயக்கியை நிறுவியபின் இயக்கியை மறுதொடக்கம் செய்க" என்றால் எதை? திரை வழங்கி என்றால் வெளியேறி மீண்டும் நுழைந்தாலே பெரும்பாலும் போதும். இயங்குதளத்தின் கருவான கெர்னலில் ஏறும் டிரைவர் என்றால் கணினியையே மறுதொடக்கம் செய்ய வேண்டியிருக்கும். இதில் குழம்பிக் கணினியை மறுதொடக்கம் செய்யாமல் விட்டவர், கிராஃபிக்ஸ் விவரம் காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டிப் பார்த்தால், வரைவது எது என்று சொல்லும் ரெண்டரர் வரியில் எல்எல்விஎம்பைப் என்று நிற்கலாம். அதாவது கிராஃபிக்ஸ் அட்டை சும்மா கிடக்க, படம் வரையும் பாரம் முழுதும் சிபியு தலையில்.

அண்மையில் கண்ட கூத்து: "வேலேண்ட் சேவையகத்தை நிறுவவும்." வேலேண்ட் 2008இல் தொடங்கிய ஒரு நெறிமுறை, நிரல்கள் பேசிக்கொள்ளும் விதிகள்; தனியொரு சர்வர் அல்ல. அங்கே திரை வழங்கி என்பது, சாளரங்களை ஒன்றுசேர்த்துத் திரையில் காட்டும் கம்போசிட்டரேதான்: க்னோம் மேசைத்தளத்தில் மட்டர், கேடிஇ மேசைத்தளத்தில் கேவின். இந்த வரியை எழுதியவர் ஒருமுறையாவது அதை ஓட்டிப் பார்த்திருப்பாரா என்பது ஐயம்தான். சொற்பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு, சர்வர் என்று கண்ட இடத்திலெல்லாம் சேவையகத்தை ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார்.